கொழுந்துக்கு அடுத்த வருடம் இல்லை

கேள்வி: தாக்க வீதம், தாக்க வரிசை எல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானா?
– உயர்தர மாணவி, கஹவத்தை

பதில்: உங்கள் ஊர்த் தேயிலைத் தொழிற்சாலையிடம் கேளுங்கள் தங்கச்சி! அரைத்த கொழுந்து ஒட்சியேறிச் செம்புநிறமாகும்போது, தேநீருக்குப் பிரகாசம் தரும் தியாபிளேவின் என்ற சேர்வை பிறக்கிறது. ஆய்வுகூடத்தில் அதை 380 நனோமீற்றர் ஒளியின் உறிஞ்சலால் அளப்பார்கள். உறிஞ்சல் செறிவுக்கு நேர்விகிதசமம். எனவே நேரத்துடன் அது ஏறும் சாய்விலிருந்து வீதம் கிடைக்கும். உச்சம் தொட்டபின் தியாபிளேவின் குறையத் தொடங்கும், தேநீரின் பிரகாசமும் மங்கும். பரீட்சை தவறினால் அடுத்த வருடம் எழுதலாம். உச்சத்தைத் தவறவிட்ட கொழுந்துக்கு அந்த வசதி இல்லை.

தாக்க வரிசையை அறியக் கிரிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயமே நல்லது. மிகையான சோடியம் ஐதரொட்சைட்டில் அதன் ஊதா மங்கும். உறிஞ்சலின் இயற்கை மடக்கை நேரத்துடன் நேர்கோடாக இறங்கினால், சாயத்தைப் பொறுத்து முதலாம் வரிசை. பாடசாலையில் நிறமானி இருந்தால், ஆசிரியருடன் சேர்ந்து செய்துபாருங்கள்.