கைதி சொன்ன கதை

(இந்த வாரக் கேள்விகள் அனைத்தும் புதுச்சத்திரம் வாசகி ஒருவரின் கடிதத்திலிருந்து.)

கேள்வி: நான் கிறிஸ்தவள் இல்லை. ஆனாலும் ‘பென்ஹர்’ நாவலைக் கீழே வைக்க மனசே வரவில்லை. ஏன்?

பதில்: லூ வாலஸ் 1880-இல் எழுதிய அந்த நாவலில் யூதா பென்ஹரும் மெசாலாவும் சின்ன வயசுச் சிநேகிதர்கள். சிநேகிதனே கழுத்தறுத்தால் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவருக்கும் வலிக்கத்தானே செய்யும், சகோதரி!

கேள்வி: சூழ்ச்சியும் நட்பும் கலந்த அப்படியொரு கதை நம் மண்ணில் உண்டா?

பதில்: உண்மையாகவே நடந்தது இருக்கிறது. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் கைதியானவர் டச்சுப் படைத்தலைவர் டிலனாய். பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்தார். அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை அவருக்கு நண்பரானார். வீட்டில் அடுத்தடுத்து நஷ்டம் வந்து பிள்ளை ஒடிந்து போயிருந்தபோது, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத, பைபிளில் வரும் யோபுவின் கதையை டிலனாய் சொன்னாராம். வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி இது. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுப் பிள்ளை தேவசகாயம் ஆனார். 1749-இல் அந்த அரசே அவரைக் கைது செய்தது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் ஏதாவது?

பதில்: பக்கத்துச் சேந்தமங்கலத்தையே பாருங்கள். காவி உடுத்தி, சைவம் சாப்பிட்டு, தத்துவ போதகர் என்று பேர் வாங்கிய இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி 1623-இல் அங்கே வந்தார். ராமச்சந்திர நாயக்கர் ஆதரவு கொடுத்தார். அங்கிருந்து சேலம் போனால், தம்பியிடம் ஆட்சியைப் பறிகொடுத்த திருமங்கல நாயக்கர் அவருக்கு நண்பரானார். பதவி போன அண்ணன், பரதேசிக் கோலத்தில் ஒரு வெள்ளைக்காரர்! நீங்கள் தினமும் பார்க்கும் இந்தச் சீமைக்குள்ளேயே ஒரு நாவல் கிடக்கிறது.

கேள்வி: வரலாறே இவ்வளவு சொல்லும்போது நாவல் எதற்கு?

பதில்: வரலாறு வாய் மூடும் இடத்துக்காக. தேவசகாயம் இறந்த பிறகும் டிலனாய் 25 வருஷம் அதே திருவிதாங்கூர் அரசிடம் வேலை பார்த்து 1777-இல் இறந்தார். உதயகிரிக் கோட்டையில் உள்ள அவர் கல்லறையில் லத்தீனும் தமிழும் செதுக்கியிருக்கிறது. நண்பனைக் கொன்ற அரசின் படையை ஒவ்வொரு காலையும் அணிவகுக்கச் சொன்னபோது அவர் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்? அதை எந்தக் கல்லிலும் செதுக்கவில்லை. ஒரு நாவலாசிரியர்தான் எழுத வேண்டும். நீங்களே எழுதுங்களேன்!