முதலில் பீரங்கி, பிறகு இலக்கணம்

போரில் தோற்ற சீனாவோடு செய்த 1858 தியான்ஜின் ஒப்பந்தத்தில் பிரிட்டன் ஒரு ஷரத்தைச் செருகியது: சீனப் பிரதியும் ஆங்கிலப் பிரதியும் முரண்பட்டால் ஆங்கிலம் சொல்வதே சரி. தோற்றவர் மொழி படிக்க இதைவிட நல்ல தூண்டுதல் எந்தக் கல்வியாளருக்கும் தோன்றியதில்லை. 1862-இல் பெய்ஜிங்கில் தோங்வென் குவான் என்ற மொழிப்பள்ளி பிறந்தது. முதல் ஆங்கில ஆசிரியர் ஒரு பாதிரியார். வகுப்பில் மதம் பேசக் கூடாது என்பது நிபந்தனை. மாணவர்களுக்கோ உதவித்தொகை. ஆம், ஆங்கிலம் படிக்கப் பணம் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டிக் களைத்த பெற்றோர் இந்த வரியை இரண்டாம் முறையும் படிக்கலாம்.

1950களில், கம்யூனிஸ்ட் சீனாவில், ரஷ்ய மொழியே தோழர். மாஸ்கோவோடு மனக்கசப்பு வந்ததும் ஆங்கிலத்துக்கு மறுவாழ்வு. கலாச்சாரப் புரட்சிக் காலப் பாடங்களில் மாணவர்கள் தலைவர் மாவோ நீடூழி வாழ்க என்று ஆங்கிலத்தில் ஒப்பித்தார்கள். கடையில் உப்புக் கேட்க அது உதவாதுதான். அன்று முக்கியம் உப்பு இல்லையே!

பிறகு லி யாங் என்ற ஆங்கில ஆசிரியர் வந்தார். மைதானம் நிறையக் கூட்டம் சேர்த்து, ஆங்கிலத்தைத் தொண்டை கிழியக் கத்தச் சொன்னார். டியூஷன் பெரும் தொழிலானது. 2021 ஜூலையில் அரசு, பள்ளிப் பாட டியூஷனில் லாபம் பார்க்கத் தடை போட்டது. டியூஷன் நடத்திவந்த நியூ ஓரியண்டல் நிறுவனத்தார் இணைய நேரலைக் கடை விரித்தார்கள். ஆசிரியர்கள் அரிசியும் மாட்டிறைச்சியும் விற்றபடியே வெள்ளைப் பலகையில் ஆங்கிலச் சொற்களை எழுதிக் காட்ட, 2022 ஜூனில் கூட்டம் அலைமோதியது. பங்கு விலையும் எகிறியது.

கல்லூரி நுழைவுத் தேர்வில் அந்நிய மொழித் தாளுக்கு இன்றும் 150 மதிப்பெண். பெரும்பாலோர் எழுதுவது ஆங்கிலம்.