விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் அண்ணாச்சிக்கு

பெட்டிக்கடை என்றாலே இப்போது எல்லோருக்கும் கண் கலங்கிவிடுகிறது. தேன் மிட்டாயாம், கமர்கட்டாம், பொற்காலமாம். எண்பதுகளில் எங்கள் சென்னைத் தெருமுனையில் ஒரு மரப்பெட்டிக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சிதான் எங்களுக்கு ரிசர்வ் வங்கி, சி.ஐ.டி., சூதாட்ட விடுதி எல்லாமே.

சூதாட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று 1968-ல் அரசாங்கமே பரிசுச் சீட்டு விற்கத் தொடங்கிய மாநிலம் இது. பெரியவர்களுக்கு அது, பொடியன்களுக்கு அண்ணாச்சியின் அட்டை. அட்டை முழுக்கக் குட்டிக் குட்டியாய் மடித்த சீட்டுகள் ஒட்டியிருக்கும். பத்து பைசா கொடுத்து ஒன்றைக் கிழித்துப் பிரித்தால் உள்ளே ஒரு நம்பர். அந்த நம்பருக்கு உரிய சாமான் நமக்கு. ஒன்றாம் நம்பருக்கு ராட்சச பலூன்.

எங்களுக்கு விழுந்ததெல்லாம் பிளாஸ்டிக் மோதிரமும் ஊதாத ஊதலும்தான். ஒன்றாம் நம்பர் சீட்டை அண்ணாச்சி முதல் நாளே உருவிப் பனியனுக்குள் செருகிவிடுவார் என்பது எங்கள் உறுதியான நம்பிக்கை. அட்டை காலியான பிறகும் பலூன் மட்டும் தொங்கும். கேட்டால், “ஏலே, ஒனக்கு ராசி இல்லேன்னா நான் என்னலே செய்ய?” அடுத்த அட்டைக்கும் அதே பலூன்தான். வெயிலில் ரப்பர் இளகி, கடைசியில் பலூன் கட்டியிருந்த நூலோடு ஒட்டிக்கொண்டது.

உளவுத் துறைக்குத் தலைமையகம், கடையின் காலில் கட்டியிருந்த கயிறு. அதன் நுனி எந்நேரமும் கனன்றுகொண்டிருக்கும். கல்லூரி அண்ணன்கள் அங்கேதான் பற்றவைப்பார்கள். அண்ணாச்சி கோள்மூட்டுகிறவர் இல்லை. முதல் தேதி அப்பா பாக்கியைத் தீர்க்கப் போகும்போது நோட்டைப் பிரித்து, “சார், மூத்தவன் பேர்ல ரெண்டு சிகரெட் நிக்குது” என்பார், அவ்வளவுதான். ‘கடன் அன்பை முறிக்கும்’ என்ற போர்டு அவர் தலைக்கு மேலேயே தொங்கியது. எங்கள் வீட்டில் முறிந்தது அன்பு மட்டுமல்ல, ஒரு குடைக்கம்பும்.

கோலி சோடா வேறு. எங்களுக்கு வேண்டியது கோலி, சோடா தாத்தாவுக்கு. பாட்டிலை உடைத்தால்தான் கோலி வெளியே வரும். உடைத்தால் அண்ணாச்சி வெளியே வருவார்.

ரிசர்வ் வங்கி விவகாரம்தான் இன்னும் ஆறவில்லை. சில்லறை இல்லையென்று அவர் ஆரஞ்சு மிட்டாயைக் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதே மிட்டாயைத் திருப்பிக் கொடுத்துத் தீப்பெட்டி கேட்டான் என் நண்பன். காதைத் திருகித்தான் அனுப்பினார். மிட்டாயும் இல்லாத நாளில், “நாளைக்கு வாங்கிக்கலே.” அந்த நாளை வரவே இல்லை. இப்போது வந்தாலும் பயனில்லை. 2011 ஜூன் 30 முதல் நாலணா செல்லாது என்று அரசாங்கமும் அண்ணாச்சி பக்கமே சாய்ந்துவிட்டது.