ஓடிபிக்கு முன் ஒரு பிரசங்கம்

"கவனிச்சிருக்கீங்களா?" என்று கேட்டபடி எங்கள் மாடியில் இருக்கும் சார் நம் மணிக்கட்டைப் பிடித்துவிட்டால் அன்றைய காலை போயிற்று. இல்லை என்றால் விளக்குவார். ஆமாம் என்றால் சரியாகத்தான் கவனித்தோமா என்று சோதிப்பார். பேனா மூடியின் உச்சியில் ஓட்டை எதற்கு? குழந்தை விழுங்கித் தொண்டையில் சிக்கினாலும் மூச்சுப் போய்வர. மைல்கல்லின் தலை ஏன் இங்கே மஞ்சள், அங்கே பச்சை? மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ரயிலின் கடைசிப் பெட்டி முதுகில் பெருக்கல் குறி எதற்கு? அதற்குப் பதில் தெரிவதற்குள் நாம் ஏற வேண்டிய ரயிலின் பெருக்கல் குறியே கண்ணைவிட்டு மறைந்திருக்கும்.

இதெல்லாம் கொசுறு. சாரின் வியப்பு விசுவரூபம் எடுப்பது கேஸ் சிலிண்டர் வரும் நாளில்.

சிலிண்டர் போடுகிற தம்பி மூன்று மாடி ஏறி வந்து, வாசலில் 'ணங்'கென்று இறக்கி, மூச்சு வாங்கிக்கொண்டே, "சார், ஓடிபி" என்பார். ஓடிபி சாரின் செல்போனில் இருக்கிறது. அதாவது தம்பியின் விடுதலை சாரின் சட்டைப்பையில் இருக்கிறது.

சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிலிண்டர் முன்னால் குந்துவார். மேல் வளையத்தைத் தாங்கிப் பிடிக்கும் மூன்று பட்டைகளில் ஒன்றின் உட்புறத்தை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசிப்பார். "பி 27! தம்பி, இது என்னன்னு கவனிச்சிருக்கீங்களா?" நாள் முழுக்க அதைத் தோளில் சுமக்கிறவரிடம் கேட்கிறார். "ஏ-ன்னா ஜனவரியிலேருந்து மார்ச். பி-ன்னா ஏப்ரலிலேருந்து ஜூன். சி-ன்னா..." டி வரை போய் டிசம்பரில்தான் நிற்பார். "ஆக, 2027 ஜூனுக்குள்ள இதைத் திரும்பவும் டெஸ்டுக்கு அனுப்பியாகணும். இரும்புக்கும் ஜாதகம் இருக்கு பாருங்க!"

"ஆமா சார். ஓடிபி?"

அடுத்து எடை. காலி சிலிண்டரின் எடையும் பட்டையில் எழுதியிருக்கும். 15.6 என்று இருந்தால், உள்ளே இருக்கும் 14.2 கிலோ கேஸையும் கூட்டி, "29.8 கிலோ! அடேயப்பா!" என்று தொடையில் தட்டிக்கொள்வார். அடுப்படியிலிருந்து வீட்டம்மா, "குழம்பு பாதியில நிக்குதுங்க" என்று குரல் கொடுப்பார். "தம்பியும் நாலு விஷயம் தெரிஞ்சுக்கட்டுமே" என்பார் சார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இங்கேதான். சின்னச் சின்னப் பொருளைக் கண்டு வியப்பது நல்ல குணம், யார் வேண்டாம் என்றார்கள்? தனியாக உட்கார்ந்து வியந்துகொள்ளக் கூடாதா? அவருடைய ஆச்சரியத்துக்கு ஒரு சபை வேண்டும். அதுவும் எழுந்து போக வழியில்லாத சபை. கீழே வண்டியில் இன்னும் எத்தனையோ வீட்டுச் சிலிண்டர்கள் காத்துக் கிடக்கும். 29.8 கிலோ என்று பைசா சுத்தமாகக் கணக்குப் போட்ட மனிதர், அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அதே சமயம், கெடு தாண்டிய சிலிண்டர் எதுவும் எங்கள் மாடியில் தங்கியதில்லை. என் வீட்டுக்கு வருவதையும் கூப்பிடாமலே வந்து, குந்தி, படித்துவிட்டுத்தான் போகிறார். அந்த வகையில் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

தம்பியும் இப்போது உஷார். இரண்டாம் மாடித் திருப்பத்திலேயே, "சார், சி 28, காலி எடை 15.9, மொத்தம் 30.1, ஓடிபி சொல்லுங்க!" என்று கூவிக்கொண்டே ஏறுகிறார். போன தடவை இதைக் கேட்டு சாருக்கு வாயடைத்துவிட்டது. செல்போனை எடுத்து ஒவ்வோர் எண்ணாகச் சொல்ல ஆரம்பித்தார். கடைசி எண்ணுக்கு முன்னால் நிறுத்தினார். சிலிண்டரின் அடி வளையத்தைக் குனிந்து பார்த்தார்.

"தம்பி, இங்க சுத்தி ஓட்டை போட்டிருக்காங்களே, எதுக்குன்னு கவனிச்சிருக்கீங்களா?"