அரையும் மூன்றில் ஒன்றும் ஐந்தில் இரண்டாம்!

கே: ஒன்பதாம் வகுப்பு வந்த பிறகும் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லியும் ஏன் ஏறவில்லை?
— கணித ஆசிரியை, தேனி

ப: ஏறியிருக்கிறது, அதுதான் வில்லங்கம். மேலே தொகுதி, கீழே பகுதி என்று இரண்டு எண்களைக் காட்டினோம். பையனும் அவற்றை இரண்டு எண்களாகவே பிடித்துக்கொண்டான். மேலதை மேலதோடும் கீழதைக் கீழதோடும் கூட்டிவிட்டான். அந்த இரண்டும் சேர்ந்து ஒரே எண், அதற்கு எண்கோட்டில் ஓர் இடம் உண்டு என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

விதியை ஏழாவது தடவை சொல்லாதீர்கள். “உன்னிடம் அரை இருந்தது. இன்னும் கொஞ்சம் சேர்த்தாய். இப்போது ஐந்தில் இரண்டு. கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?” என்று மட்டும் கேளுங்கள். 2/5 அரையைவிடச் சின்னது என்று தெரிந்தவன் தானே ரப்பரைத் தேடுவான். அது தெரியாதவனுக்குக் கூட்டல் பாடம் இன்னும் தொடங்கவே கூடாது.

நம் பிள்ளைகள்தான் இப்படி என்று நொந்துகொள்ள வேண்டாம். 1978இல் அமெரிக்காவில் நடந்த தேசிய மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம் 12/13 + 7/8 தோராயமாக எவ்வளவு என்று கேட்டார்கள். தெரிவு செய்யக் கொடுத்த விடைகள் 1, 2, 19, 21. கூட்டவே வேண்டாம், இரண்டும் ஒன்றை ஒட்டிய எண்கள், ஆகவே விடை 2. அதைச் சொன்னவர்கள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர். பாதிக்கு மேற்பட்டோர் 19 என்றார்கள் அல்லது 21 என்றார்கள்.

கே: ஒரு தேர்வில் 15/20, இன்னொன்றில் 20/25 வாங்கினேன். எங்கள் சார் இரண்டையும் கூட்டி 35/45 என்று போட்டார். அதே மாதிரி நான் கணக்கில் போட்டால் தப்பு என்கிறார். இது என்ன நியாயம்?
— எட்டாம் வகுப்பு மாணவி, திருவாரூர்

ப: அருமையான கேள்வி. சாரிடமும் கேள், ஆனால் விடைத்தாள் கைக்கு வந்த பிறகு கேள்.

சார் செய்தது பின்னக் கூட்டல் இல்லை. இருபதுக்கு ஒரு தேர்வு, இருபத்தைந்துக்கு ஒரு தேர்வு. இரண்டையும் ஒன்றாகக் கொட்டி, நாற்பத்தைந்துக்கு ஒரே தேர்வாக்கிவிட்டார். அப்படிச் சேர்த்தால் வரும் எண் எப்போதும் இரண்டுக்கும் நடுவில்தான் விழும். உன் முதல் தேர்வு 75 சதவீதம், இரண்டாவது 80. 35/45 என்பது 78க்குச் சற்றுக் கீழே. பெனால்டி கோல் கணக்கும் இப்படித்தான்: ஐந்தில் மூன்று, பிறகு நான்கில் இரண்டு அடித்தால் மொத்தம் ஒன்பதில் ஐந்து.

நிஜமாகவே 15/20ஐயும் 20/25ஐயும் கூட்டினால் 31/20 வரும். அதாவது 155 சதவீதம். அதை மதிப்பெண் பட்டியலில் ஏற்றினால் தலைமையாசிரியர் வீட்டுக்கே வந்துவிடுவார்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: மதிப்பெண்ணைச் சாய்கோடு போட்டு எழுதி, நடுவில் கூட்டல் குறியும் போடுவது நாம்தான். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கே: மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) கண்டுபிடித்தே ஆக வேண்டுமா?
— வாசகர், சிவகாசி

ப: வேண்டாம். ஏதாவது ஒரு பொது மடங்கு போதும். 5/12 + 7/18க்கு இரண்டு பகுதிகளையும் பெருக்கி 216 வைத்தால் 174/216 வரும். 36 வைத்தால் நேராக 29/36. இரண்டும் ஒன்றுதான், முன்னதில் சுருக்கும் வேலை கூடுதல். முதலில் பெரிய எண்ணோடு மல்லுக்கட்ட விடுங்கள். கை வலித்த பிறகு மீ.சி.ம. சொன்னால் வரவேற்பு இருக்கும். ஒன்பதாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் இருந்த மகாவீரர் தம் கணிதசாரசங்கிரகத்திலேயே மீ.சி.ம. வழியைச் சொல்லிவிட்டார். புதுப் பாடத்திட்டத்தின் மேல் பழி போட முடியாது.

கே: நான் தச்சு வேலை செய்கிறேன். என் மகனுக்கு 3/8 + 1/2 வரவில்லை. எனக்குச் சட்டென்று வருகிறது. அவ்வளவுக்கும் நான் ஆறாவதோடு நின்றவன்.
— வாசகர், நாகர்கோவில்

ப: நீங்கள் பின்னத்தைக் கூட்டுவதே இல்லை, ஐயா. ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். 3/8 என்றால் உங்களுக்கு மூன்று நூல், அரை என்றால் நாலு நூல். மூன்றும் நாலும் ஏழு நூல். விடை 7/8. பகுதியைச் சமமாக்கு என்று கரும்பலகையில் எழுதிப் போடுவதும் இதைத்தான். உங்கள் டேப்பில் அது ஏற்கெனவே சமமாக இருக்கிறது. அந்த டேப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் கையில் கொடுத்து, நாலு சட்டத்தை அளக்கச் சொல்லுங்கள்.

கே: எங்கள் காலத்தில் மாகாணி, காணி, முந்திரி எல்லாம் மனப்பாடம். அதைத் திரும்பக் கொண்டுவந்தால் பின்னம் தானாக வந்துவிடாதா?
— ஓய்வுபெற்ற வாசகர், கும்பகோணம்

ப: மனப்பாடமாகக் கொண்டுவந்தால் பிள்ளைகளுக்கு இன்னொரு பாரம்தான். கணக்காகக் கொண்டுவந்தால் விருந்து. முந்திரி என்பது 1/320. ஒன்றை 320 முந்திரியாக வைத்துக்கொண்டால் கால் 80, அரைக்கால் 40, மா (1/20) 16, காணி (1/80) 4. எல்லாம் முழு எண். அரைக்காலும் மாவும் காணியும் சேர்த்தால் 40, 16, 4. ஆக 60 முந்திரி, அதாவது 3/16. பழைய கணக்குப்பிள்ளை பகுதியைச் சமமாக்கச் சிரமப்படவில்லை, 320 என்று ஒரே பகுதியை முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். மாவும் காணியும் கூடினால் மாகாணி: 1/20 + 1/80 = 5/80 = 1/16. இந்த ஒரு வரியைப் பலகையில் எழுதி, சரியா என்று சோதிக்கச் சொல்லிப் பாருங்கள், வகுப்பு விழித்துக்கொள்ளும்.

கே: குறுக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுத்தால் ஒரே நிமிடத்தில் போட்டுவிடுகிறார்களே?
— டியூஷன் மாஸ்டர், திருப்பூர்

ப: போடுகிறார்கள். மூன்று பின்னம் கொடுங்கள், கோடுகள் சிக்கிக்கொள்ளும். அடுத்த வாரம் பின்னப் பெருக்கல் நடத்துங்கள், அங்கேயும் குறுக்கே போவார்கள். ஏன் என்று தெரிந்த பிறகு கொடுத்தால் அது வசதி. முதலிலேயே கொடுத்தால் உங்கள் டியூஷன் நிரந்தரம்.

கே: கழித்தலில் கடன் வாங்கினால் குளறுபடி. 5¼ − 2⅔ போடச் சொன்னால் தலைசுற்றுகிறது.
— ஏழாம் வகுப்பு மாணவனின் தாய், மதுரை

ப: நோட்டைப் பாருங்கள். 5இல் ஒன்றைக் கடன் வாங்கி, ¼ஐ 11/4 ஆக்கியிருப்பான். முழு எண்களில் கடன் வாங்கினால் பத்து வரும் என்ற பழைய பழக்கம். இங்கே வாங்கிய ஒன்று நாலு கால்தான், ஆகவே 5/4 ஆக வேண்டும். பகுதியை 12 ஆக்கினால் கணக்கு 5 3/12 − 2 8/12. ஒன்றை உடைத்தால் 4 15/12 − 2 8/12. விடை 2 7/12.

கடனே வேண்டாம் என்றால், கடைக்காரர் மீதிச் சில்லறையை எண்ணித் தருவது போல ஏறிக்கொண்டே போகலாம். 2⅔இலிருந்து 3க்கு ⅓. 3இலிருந்து 5¼க்கு 2¼. இரண்டையும் சேர்த்தால் அதே 2 7/12. என் ஓட்டு இதற்குத்தான்.

கே: பின்னத்துக்கு வட்டமாகப் படம் போடலாமா?
— பயிற்சி ஆசிரியர், ஈரோடு

ப: அரை, கால் வரை போடலாம். வட்டத்தை ஏழாகச் சமமாக வெட்டிக் காட்டும் ஆசிரியரை நான் இன்னும் பார்க்கவில்லை. நீளமான காகிதப் பட்டையை எடுங்கள்.

கே: செல்போனில் கால்குலேட்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?
— கல்லூரி மாணவர், வேலூர்

ப: பத்தாம் வகுப்பில் விகிதமுறு கோவைகள் வரும்போது பகுதியில் எண்ணுக்குப் பதில் எக்ஸ் உட்கார்ந்திருக்கும். பின்னம் கூட்டத் தெரியாதவன் அங்கே நிற்பான். ராபர்ட் சீக்லரும் சகாக்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கா, பிரிட்டன் இரண்டு நாட்டுத் தரவுகளிலும் பத்து வயதில் பின்னமும் வகுத்தலும் தெரிந்திருப்பது உயர்நிலைப் பள்ளிக் கணிதத் தேர்ச்சியை முன்கூட்டியே காட்டியது. குடும்ப வருமானத்தையும் அறிவுத்திறனையும் கழித்துப் பார்த்த பிறகும் அப்படித்தான்.

கே: அப்பா விட்டுப்போன 17 ஒட்டகங்களை 1/2, 1/3, 1/9 என்று பிரிக்க, பெரியவர் ஒருவர் 18ஆவது ஒட்டகத்தைக் கடன் கொடுத்துத் திரும்ப ஓட்டிப் போனாராமே. எப்படி?
— வாசகி, காரைக்குடி

ப: அந்த அப்பாவுக்குப் பின்னம் கூட்டத் தெரியாது. 9/18 + 6/18 + 2/18 = 17/18. உயிலில் பதினெட்டில் ஒரு பங்கு யாருக்கும் எழுதப்படவில்லை.

கே: இந்தப் பாடத்துக்கு ஒரே ஒரு பாடவேளை கிடைத்தால் என்ன செய்வீர்கள்?
— கணித ஆசிரியர், பெரம்பலூர்

ப: பத்துக் கூட்டல், பத்துக் கழித்தல் பலகையில் எழுதுவேன். யாரும் பேனாவைத் தொடக் கூடாது. விடை அரைக்குக் கீழா, அரைக்கும் ஒன்றுக்கும் நடுவிலா, ஒன்றுக்கு மேலா என்று கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். சண்டை வரும், வரட்டும். கணக்குப் போடுவதற்கு நாளை இன்னொரு பாடவேளையைப் பி.டி. சாரிடம் கடன் கேளுங்கள். கணக்கு வாத்தியார்கள் அவரிடம் கேட்பது புதிதில்லை.