பக்கச்சுவர்ப் புடைப்பு: குண்டசாலையை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

யானைக்குச் சாத்திரம் உண்டு, குதிரைக்குச் சாத்திரம் உண்டு, பல்லி தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்பதற்குப் பஞ்சாங்கத்தில் தனிப் பக்கமே உண்டு. டயரின் விலாவில் ஒரு வீக்கம் கிளம்பினால் அதற்கு என்ன பலன் என்று சொல்லும் நூல் மட்டும் என் கண்ணில் பட்டதில்லை. அக்குறை போக்க எழுந்தது இவ்வாய்வு. ஆய்வுக்களம்: கண்டியை அடுத்த குண்டசாலை. ஆய்வுப்பொருள்: என் தங்கை மகனுடைய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரின் இடது முன் டயர். ஆய்வுக்காலம்: ஞாயிறு காலை ஆறரை முதல் திங்கள் நண்பகல் வரை. நிதியுதவி எங்கிருந்தும் வரவில்லை. பிளேன்டீ வந்தது, நான்கு முறை.

முதலில் இடப்பெயர். "குண்டும் குழியுமான சாலை, அதனால குண்டசாலை. இதுக்கு என்ன மாமா ஆராய்ச்சி?" என்றான் மருமகன். வயிறெரிந்து சொன்னதாயினும் கருத்தை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. 'குண்டு' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் ஆழம் என்ற பொருள் உண்டு, ஓமகுண்டமும் குழிதான். ஆனால் காலக்கணக்கு இடிக்கிறது. 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட நரேந்திரசிங்கன் இவ்வூரில் அரண்மனை கட்டி வாழ்ந்து 'குண்டசாலைத் தெய்யோ' என்றே பெயர் வாங்கினான். அவனுக்குப் பிறகுதான் மதுரை வழியில் வந்த நாயக்கர் கைக்கு அரியணை போயிற்று. ஆகவே பெயர் அப்போதே இருந்தது. பெல்ஃபாஸ்டில் டன்லப் என்ற மாட்டு வைத்தியர் தன் மகனின் மூன்றுசக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் பூட்டியதோ 1888இல். இடையே 149 ஆண்டு. அரசன் பல்லக்கில் போயிருப்பான். அக்காலத்துப் புடைப்பெல்லாம் தூக்கியவர்களின் தோளில்.

நிகழ்ச்சி வருமாறு. சனிக்கிழமை இரவு, மழை. தென்னக்கும்புற பாலம் தாண்டி வருகையில் முன்னால் போன பஸ் ஒன்று, பஸ்களுக்கே உரிய முறையில், நின்றது. மருமகன் இடப்பக்கம் ஒடித்தான். அங்கே நீர் நிறைந்த குழி, நிலா விழுந்து அழகாகக் கிடந்ததாம். 'டொக்' என்று ஒரு சத்தம். காற்று இறங்கவில்லை, ஸ்டியரிங் இழுக்கவில்லை. குழி யாருக்குச் சொந்தம் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது; எந்த அலுவலகத்தின் எல்லைக்குள்ளும் அது இருப்பதாகத் தெரியவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் துணியும் கையுமாகக் காரை வலம் வந்தவன் இடது முன் சக்கரத்தருகே அப்படியே குந்திவிட்டான். பெரிய தேசிக்காய் ஒன்றை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கவிழ்த்து ஒட்டியதுபோல் இருந்தது.

பெயரிடுவதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. மருமகன் 'பல்ஜ்' என்றான். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபாலதிபர் 'கட்டி' என்றார். திரீவீல்காரத் தம்பி 'வயிறு' என்றான். என் தங்கை பெயர் வைக்கவில்லை, காரணமே கண்டுபிடித்துவிட்டாள். "கார் எடுத்த அன்னைக்கு டயருக்குத் தேசிக்காய் வைடான்னு சொன்னேன், கேட்டானா? இப்ப டயரே தேசிக்காய் காய்க்குது." கல்லில் அரைகுறையாக மேலெழுந்து நிற்கும் உருவைப் புடைப்புச் சிற்பம் என்கிறோம். அந்த வழியில் நான் 'புடைப்பு' என்று கொண்டேன். வந்த எல்லாரும் கருத்துச் சொல்லுமுன் பெருவிரலால் அதை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார்கள் என்பதையும் குறித்துவைக்க வேண்டும். நானும் இருமுறை அமுக்கினேன்.

இனி உடற்கூறு. டயரின் விலாவில் '215/45 ஆர் 17 87 டபிள்யூ' என்று ஒரு சாசனம் பொறித்திருக்கிறது. அகலம் 215 மில்லிமீற்றர். பக்கச்சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 45, அதாவது 97 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ரிம்மின் விளிம்பு அதிலும் கொஞ்சத்தை விழுங்கிவிடுகிறது. மிச்சத்தில் என் நாலு விரலை வைத்தால் இடம் முடிந்தது. இவன் தாத்தா ஓட்டிய மொரிஸ் மைனரில் டயரின் அகலமும் உயரமும் ஏறக்குறைய ஒன்று. குழியில் விழுந்தால் டயர் மெத்தைபோல் வாங்கிக்கொள்ளும், நாம்தான் உள்ளே துள்ளுவோம். இந்த நாலு விரல் சுவரால் அப்படி வாங்க முடியாது. 17 அங்குல ரிம் மேலிருந்தும் குழியின் விளிம்பு கீழிருந்தும் அதை நடுவில் வைத்துக் கடித்துவிடுகின்றன. 87 என்றால் 545 கிலோ தாங்கும். டபிள்யூ என்றால் மணிக்கு 270 கிலோமீற்றர் வரை ஓடலாம். நம் அதிவேகப் பாதையிலேயே உச்ச வேகம் 100. மீதி 170 யாருக்கு என்று கேட்டதற்கு, "அது கெபாசிட்டி மாமா" என்று பதில் வந்தது.

குற்றவாளி யார்? ரப்பர்மேல் சந்தேகம் எழுவது இயல்பு. 1876இல் கியூ தோட்டத்திலிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் ரப்பர்க் கன்றுகள் கப்பலில் வந்து, பேராதனைத் தோட்டத்தாரின் பொறுப்பில் ஹெனரத்கொடையில் வேர்பிடித்தன. நம் ஊரோடு இவ்வளவு பழகிய ரப்பரை விசாரித்ததில் அது நிரபராதி என்று தெரிந்தது. டயரில் ரப்பர் தோல்தான். சுமையைத் தாங்குவது உள்ளே ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு ஓடும் நூல்கள். தைக்கிற நூலைவிடச் சற்றுத் தடித்த பொலியெஸ்டர் இழைகள். கடிபட்டு அறுந்தவை இவைதான். வெளித்தோலில் ஒரு கீறலும் இல்லை. அறுந்த இடத்தில் காற்று தோலைத் தள்ளிக்கொண்டு எட்டிப்பார்க்கிறது. எவ்வளவு பலத்தோடு என்று கணக்கிட்டேன். டயரில் 35 இறாத்தல் காற்று என்றால் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 2.4 கிலோ. புடைப்பின் குறுக்களவு 5 சென்ரிமீற்றர். பரப்பு 20 சதுர சென்ரிமீற்றருக்குக் கிட்ட. பெருக்கினால் 48 கிலோ. சீமெந்து மூடை ஒன்று உள்ளே நின்று முட்டுகிறது, வெளியே ஒரு ரப்பர்த் தோல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதைச் சொன்னதும் தபாலதிபர் விரலை எடுத்துவிட்டார்.

இவ்விடத்து ஒரு சூத்திரம் வேண்டப்படும். இல்லாமையால் நானே யாத்தேன்:

புறத்தே எழுந்தது போக்கற் பாற்றே;
அகத்தே குழிந்ததற்கு அஞ்சல் வேண்டா.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், டயரின் விலாவில் தோன்றும் வேறுபாடுகளுள் தள்ளத்தக்கது இது, கொள்ளத்தக்கது இது என்பது உணர்த்துதல் நுதலிற்று. 'புறத்தே எழுந்தது' என்றமையால் புடைப்பு பெற்றாம். 'போக்கல்' என்றது டயரை மாற்றுதலை. காரைப் போக்குதலை அன்று, தங்கை அவ்வாறு பொருள் கொண்டாளாயினும். 'அகத்தே குழிந்தது' யாதோ எனின், விலாவில் மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய பள்ளம். நூற்படலத்தின் இரு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒட்டிய இடம் அது. அங்கே நூல் இரட்டை ஆகலின் மற்ற இடம்போல் விரிந்து கொடாது; கொடாமையின் உள்வாங்கித் தோன்றும். பிழை அன்று. இதனை அறியாது புத்தம்புது டயரைத் தடவிப் பார்த்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போவாரும் உளர். 'பாற்றே' என்னும் ஏகாரம் தேற்றம். வேறு வழி இல்லை என்றவாறு.

வேறு வழி இல்லை என்பதை ஏற்கத்தான் எங்கள் ஊருக்கு மனம் வரவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடத்தில் திருத்தாத பொருள் எங்களிடம் எதுவும் இல்லை. பம்பரைக் கம்பியால் தைத்தோம், ஒரே மிரரை மூன்று முறை ஒட்டினோம். அப்படிப்பட்டவர்களிடம் போய் ஓட்டையே இல்லாத, காற்றே இறங்காத டயரைத் தூக்கியெறியச் சொன்னால் எப்படி? "காத்தக் கொஞ்சம் எறக்கிவிட்டா அடங்கிரும்" என்றார் தபாலதிபர். இறக்கினால் விலா இன்னும் நெளியும், சூடேறும், மிச்ச நூலும் போகும். "உள்ளுக்கு டியூப் போடுங்க, இல்லாட்டி பின்னுக்கு மாத்துங்க" என்றான் திரீவீல்காரன். டியூப் போட்டாலும் அறுந்த நூல் கூடாது. பின்னால் வெடித்தாலும் வெடிப்பு வெடிப்புதான். மருமகன் அடுத்த சனிக்கிழமை ஹுன்னஸ்கிரிய தாண்டி மஹியங்கனைப் பாதையின் பதினெட்டு வளைவுக்குப் போக நண்பர்களோடு பேசிவைத்திருந்தான். (வீதியைத் திருத்தியபோது ஒரு வளைவு குறைந்து இப்போது 17 என்பது வேறு கட்டுரைக்கு உரியது.) "மெதுவாப் போனா தாங்காதா மாமா?" என்று கேட்டான். மெதுவாகப் போவதற்கு அந்தக் கார் எதற்கு என்று என் தங்கை இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

திங்கள் காலை டிக்கியில் இருந்த ஒடிசல் ஸ்பெயார் சக்கரத்தைப் பூட்டினோம். 80க்கு மேல் ஓட்டாதே என்று அதில் அச்சடித்திருந்தது. ஊர்வீதியில் சட்டமே 70க்கு மேல் விடாது என்பதால் எங்கள் உரிமை எதுவும் பறிபோகவில்லை. திகனப் பக்கம் டயர் கடை வைத்திருக்கும் நானா டிக்கியில் கிடந்த டயரைப் பார்த்தார். அவர் ஒருவர்தான் அமுக்கவில்லை.

"பஞ்சர் எண்டா ஒட்டித் தரலாம் தம்பி. இது உள்ள நூல் அறுந்திருக்கு."

"வல்கனைஸ் பண்ண ஏலாதா நானா?"

"பண்ணுவாங்க. பண்ணினவன் அதுல ஏறி வருவானா கேளுங்க." பிறகு என்னைப் பார்த்து, "சேர், நீங்களாவது சொல்லுங்க. ஒண்டு இல்ல, முன்னுக்கு ரெண்டும் மாத்தணும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் தேஞ்சது எண்டா மழையில இழுக்கும்" என்றார்.

மருமகன் கண்ணை மூடித் திறந்தான். நானா புது டயர் இரண்டை உருட்டி வந்து, விலாவில் இருந்த நாலு இலக்கத்தைக் காட்டினார்: முதல் இரண்டு வாரம், பின்னிரண்டு வருடம். சரிபார்த்துத் தலையாட்டினோம்.

நான் அளவுநாடாவோடு காத்திருந்தேன், புடைப்பின் உயரத்தை எடுத்தால் கட்டுரை முழுமை பெறும் என்று. அதற்குள் நானா வால்வைக் கழற்றிவிட்டார். 'உஸ்' என்ற நீண்ட மூச்சு. தேசிக்காய் மெல்ல உள்ளே அமிழ்ந்து, விலா சமமாகி, அப்படி ஒன்று இருந்த அடையாளமே இல்லாமற் போயிற்று. ரிம்மிலிருந்து உரித்த பிறகு உட்புறம் விரலை விட்டுத் தடவினேன். ஓரிடத்தில் மட்டும் ஒரு சிறு வரி, அதையடுத்து விரல் பொதுக்கென்று உள்ளே போயிற்று. நானா கத்தியால் விலாவைக் குறுக்கே கீறிவிட்டு ஓரமாக எறிந்தார். வீட்டுக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. டயரில் மழைநீர் நின்றால் நுளம்பு வரும், நுளம்பு வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார்.

வீட்டு வாசலில் தங்கை நாலு தேசிக்காயோடு நின்றாள். டயருக்கு ஒன்றாக வைத்தாள். மருமகன் கிளச்சை விட்டான். மூன்று நசுங்கின. இடது முன் டயருக்கு வைத்தது மட்டும் வழுக்கிக்கொண்டு உருண்டு கானுக்குள் விழுந்தது. தங்கை என்னைப் பார்த்தாள். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.