அறிவைத் திறக்கும் ஆற்றங்கரை விடுதி

திறந்த மூல மென்பொருளையும், பலர் கூடி எழுதும் இணையக் கலைக்களஞ்சியங்களையும் வளாகத்து வகுப்பறைக்குள் கொண்டுவாருங்கள் என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் நம் நாட்டில் என்ன நடக்கும்? சாத்திரம் பார்க்கத் தேவையில்லை. விரிவுரையாளர்களுக்குப் பயிற்சிப் பட்டறை என்று கித்துல்கலையில் ஒரு விடுதி ஒழுங்காகும். ஒதுக்கிய பணத்தை ஆண்டு முடிவதற்குள் செலவழித்தாக வேண்டும். களனி கங்கையில் படகுச் சவாரியும் உண்டு. மங்கள விளக்கு, பதாகை, பைல், பேனை. பத்து மணிக்குத் தேநீர், பெட்டிஸ், ரோல்ஸ். கொழும்பிலிருந்து வந்த வளவாளர் "அறிவு எல்லோருக்கும் பொது" என்று திரையில் காட்டுவார். அதே திரையின் வலது மூலையில் விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லும் சாம்பல் நிற வரியொன்று கடைசிவரை போகாமல் நிற்கும். களவு விண்டோஸில் கட்டற்ற மென்பொருள் பற்றிச் சொற்பொழிவு! ஒருவருக்கும் சிரிப்பு வராது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முக்கால்வாசிப் பேர் உயிர்காப்பு அங்கியோடு ஆற்றில் இருப்பார்கள்.

திங்கட்கிழமை அவர்களே வகுப்புக்கு வருவார்கள். முதலில் எச்சரிக்கை: "ஒப்படையில் விக்கிப்பீடியா என்று கண்டால் பூச்சியம்." அடுத்து, மஞ்சளேறிய கொப்பியைத் திறந்து நோட்ஸ் சொல்வது. அந்த நோட்ஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிடாதீர்கள். அதே விக்கிப்பீடியாவின் பழைய பதிப்பு. அங்கே யாரோ ஒரு புண்ணியவான் கண்விழித்துப் பிழையைத் திருத்திவிட்டார். சேரின் கொப்பியில் மட்டும் அந்தப் பிழை சிரஞ்சீவியாக வாழ்கிறது. பரீட்சையில் சரியானதை எழுதும் பிள்ளைக்குப் புள்ளி கிடையாது.

எல்.எம்.எஸ். என்று வளாகங்களில் ஓர் இணையக் கற்றல் தளம் இருக்கிறதே, அது பெரும்பாலும் மூடில். 2002இல் அவுஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமாஸ் வெளியிட்ட இலவச, கட்டற்ற மென்பொருள். சேர்ந்து ஒன்றை ஆக்கும்போதுதான் மாணவர் கற்கிறார் என்ற நம்பிக்கையில் செய்தது. கூட்டாக விக்கி எழுதவும் கலைச்சொல் தொகுக்கவும் அதற்குள்ளேயே வசதி உண்டு. நம்மவர்கள் அதை வைத்துச் செய்வது இரண்டே இரண்டு: பி.டி.எப். ஏற்றுவது, இரவு 11.59க்குக் கதவைச் சாத்துவது. வகுப்பு முழுவதும் ஒரே தலைப்பில் எழுதிய ஒப்படைகளை ஒரேயொருவர் பார்க்கிறார். பார்க்கிறாரா என்பது அவருக்கும் அவருடைய மனச்சாட்சிக்கும் இடையிலான விவகாரம். பிறகு அவை பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. தேயிலைத் தோட்டத்தில்கூடக் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேராவது, அதாவது பாதி நாள் கூலியாவது, போடுவார்கள். பறித்ததை ஸ்டோருக்கு அனுப்பாமல் கானில் கொட்டமாட்டார்கள்.

இந்த நாட்டுக்கு இதெல்லாம் புதிதா? 2004 சுனாமி அடித்த கையோடு இலங்கைக் கணினியாளர்கள் கூடி எழுதியதுதான் சஹானா. காணாமற்போனவர்களைத் தேடவும் முகாம்களைக் கணக்கெடுக்கவும் உதவிய அந்தத் திறந்த மூல மென்பொருள் 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் 2010இல் ஹெயிட்டிக்கும் போய் உழைத்தது. திறந்த மூலப் பணிகளில் மாணவர்களை ஈடுபடுத்தும் கூகுளின் கோடைகாலத் திட்டத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் உலகிலேயே முதலிடத்தில் இருந்தது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை ஆரம்ப நாள்களிலிருந்தே கட்டி வளர்த்தவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன்; தொழிலால் கட்டடக்கலைஞர், எந்தத் தமிழ்த்துறையிலும் சம்பளம் வாங்கியவரல்லர். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் தன்னார்வலர் உழைப்பில் மின்வடிவாக்கி, உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறது. நம் பேராசிரியர்கள் அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். அடிக்குறிப்பில் மட்டும் அச்சுப் பிரதியை நேரில் புரட்டியதுபோல எழுதிவிடுவார்கள்.

ஆக, குறை கருவியில் இல்லை, திறமையிலும் இல்லை. அறிவு பொதுவாகிவிட்டால் தன் கதிரை என்னாகும் என்ற பயம்தான் காரணம்.

அந்த விடுதி இருக்கும் கித்துல்கலை, யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் ரப்பர் மலைகளிலும் தேயிலை மலைகளிலும் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் இருக்கின்றன. அங்கே பிறக்கும் தமிழ்ப் பிள்ளை உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வேண்டுமானால் பெரும்பாலும் ஊரைவிட்டே போக வேண்டும். கொரோனாக் காலத்தில் பாடம் கேட்க சிக்னல் தேடி மலையேறிய தலைமுறை அது. அதையும் மீறி ஒரு பிள்ளை வளாகத்துக்கு வந்து, இறுதியாண்டு ஆய்வேட்டுக்காகத் தன் லயத்துக்கே திரும்பிப் போகிறது. பாட்டியை உட்காரவைத்துத் தாலாட்டையும் ஒப்பாரியையும் காமன் கூத்தையும் ரப்பர் பால் வெட்டுக்காரர் பேச்சையும் எழுதி வாங்குகிறது. தட்டச்சு, பைண்டிங் எல்லாம் அப்பன் ஆத்தா கைக்காசு. மூன்று பிரதி. ஒன்றுக்கு ஒப்பம், ஒன்றுக்குப் புள்ளி, ஒன்று துறையின் அலுமாரிக்கு. அலுமாரிக்குப் பூட்டு. சாவி ஒருவரிடம், அவர் லீவில். பாட்டி செத்துப்போவார்; அவர் சொன்னதைக் கறையான் படித்து முடிக்கும். அந்தப் பாட்டியின் பேத்தியே போய்க் கேட்டாலும் துறைத் தலைவரின் கடிதம் வேண்டும் என்பார்கள்.

இதை எரிச்சலோடு எழுதுகிறேன் என்றால் காரணம் உண்டு. கித்துல்கலை என்று இணையத்தில் தேடுங்கள். படகு வரும், பாலம் வரும். 1957இல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் வாங்கிய டேவிட் லீனின் 'குவாய் நதிப் பாலம்' படத்துக்காக இங்கே ஆற்றின் மேல் ஒரு பாலம் கட்டி, கமராவுக்காக வெடிவைத்துத் தகர்த்தார்கள். படத்தின் கதை நடப்பது 1942–43இல் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில்பாதையில். உண்மையான அந்தப் பாதையில் மாண்ட நேசநாட்டுக் கைதிகள் 12,000க்கும் மேல். மாண்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் ஆயிரமாயிரம். படம் அவர்களைக் கண்டுகொள்ளவேயில்லை. வெள்ளைக்காரக் கைதியின் மானம்தான் கதை. தமிழ்த் தோட்டத் தொழிலாளியைப் புதைத்த பாதையின் கதையை, தமிழ்த் தோட்டத் தொழிலாளி வாழும் மலையடியில் வைத்து, அவனில்லாமல் எடுத்து முடித்தார்கள். அதை எடுத்துச் சொல்லும் பாடம் நம் வகுப்பறையில் எத்தனை? வெள்ளைக்காரன் விட்டதை நாம் எழுதியிருக்கலாமே, யார் கையைப் பிடித்தார்கள்?

"மாணவரிடம் விட்டால் குப்பை கொட்டுவார்கள்" என்பது வழக்கமான பதில். கொட்டினார்கள்தான். 2011இல் புனேயில் கல்லூரி மாணவர்களை ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதவைத்தபோது, பக்கம் பக்கமாகப் பிறர் எழுத்தை வெட்டி ஒட்டினார்கள். துப்புரவு செய்தே தன்னார்வலர்கள் சலித்துப்போனார்கள், அந்த முயற்சி அவ்வருடமே நின்றது. ஆனால் வெட்டி ஒட்டும் வித்தையை அந்தப் பிள்ளைகளுக்கு விக்கிப்பீடியாவா கற்றுக்கொடுத்தது? ஒப்படைகளில் வருடக்கணக்காக அதைத்தானே செய்து புள்ளி வாங்கினார்கள். வகுப்பறையில் யாரும் கண்டுபிடிக்கவில்லை, வெளியே சில வாரங்களில் பிடித்துவிட்டார்கள். நம் விரிவுரையாளர்களுக்குப் பொது வெளி ஏன் பிடிப்பதில்லை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

அடுத்த அரையாண்டுக்கு ஒப்படைத் தலைப்புத் தேடும் சேர்மாரே, மிஸ்மாரே! விடுதி வேண்டாம், படகு வேண்டாம், மங்கள விளக்கும் வேண்டாம். சயாம் பாதையில் மாண்ட தோட்டத் தமிழரைப் பற்றி ஒரு குழு எழுதட்டும். பால் வெட்டுக்காரர் சொற்களை ஒரு குழு தொகுக்கட்டும். ஆய்வேடு எழுதிய பிள்ளையின் சம்மதத்தோடும் பாட்டு சொன்ன பாட்டியின், அவர் இல்லையென்றால் அவர் குடும்பத்தின், சம்மதத்தோடும் அந்த அலுமாரியை நூலகம் திட்டத்தில் ஏற்றுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேளுங்கள். புள்ளி போடுவதற்கு முன் ஒருமுறை படித்தும் பாருங்கள். உங்களில் பலருக்கு அது புது அனுபவமாக இருக்கும்.